முகடு பிரித்த வீடு

குருபரப்பள்ளியில் சொந்த வீட்டுக்கு இன்சூரன்சு வாங்கியவர்கள் அன்றைக்கு யாரும் இல்லை. அப்படி ஒன்று இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. அந்த ஊரில், ஆளே குடியில்லாத, மேலே ஓடு கூட இல்லாத ஒரு வீட்டுக்கு அதை வாங்கியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றவள் பூவம்மாள். ஐம்பத்தைந்தாம் வருஷம் ஐப்பசி மாதம் அது.

அவள் புருஷன் நாராயணப்பனுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. அவன் நல்ல உழைப்பாளி. ஏரில் கை வைத்தால் இரண்டாள் வேலையை ஒருத்தனாகச் செய்வான். ஆனால் காகிதம் என்றால் பயம், காகிதம் கொண்டு வருகிறவன் என்றால் அதைவிடப் பயம். கிளம்பும்போது பல்லி கத்தினால் உட்கார்ந்துவிட்டு அரை நாழிகை கழித்துத்தான் எழுந்திருப்பான். இப்படிப்பட்டவனுக்கு இப்படிப்பட்டவள் வாய்த்தது எப்படி என்று ஊரே கேட்டிருக்கிறது. அவனும் கேட்டுக்கொண்டிருக்கிறான், இருபத்தெட்டு வருஷமாக.

சங்கதி இதுதான். கிருஷ்ணகிரியில் இருந்த மிஷன்காரர்களுக்கு ரோட்டோரமாகப் பிரசவ விடுதி வைக்க வீடு வேண்டியிருந்தது. நர்ஸ் சூசைமேரி இரண்டு வீடு பார்த்தாள். ஒன்று சூளகிரியில், நாளைக்கே குடிபோகலாம் என்கிற மாதிரி இருந்தது. மற்றது பூவம்மாளின் பழைய வீடு. நாட்டு ஓட்டைப் பிரித்து, சுவரை இரண்டு முழம் உயர்த்தி, புதிதாய்க் கைமரம் ஏற்றி மங்களூர் ஓடு போடுகிற வேலை அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் மாந்தோப்பில் கொட்டாய் போட்டுத் தங்கியிருந்தார்கள். வீட்டை மிஷனுக்குக் கொடுத்துவிட்டு அந்தக் கொட்டாயிலேயே காலத்தைத் தள்ளிவிடலாம் என்பது பூவம்மாளின் எண்ணம்.

அவள் எண்ணத்துக்குக் காரணம் அவர்களுடைய ஒரே மகள் முனிலட்சுமி. மூன்று வருஷத்துக்கு முன்னால் தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்தவள். பிள்ளை குறுக்கே நின்றுவிட்டது. நாராயணப்பன் வண்டி கட்டினான். கிருஷ்ணகிரிக்கு எட்டு மைல். நாலாவது மைலில் மகள் அடங்கிப் போனாள். வண்டியைத் திருப்பும்போது மாடுகள் நடக்க மாட்டேன் என்று நின்றுவிட்டன என்று அவன் சொல்வான். மாடு நடக்கத் தயாராகத்தான் இருந்தது. அவனுக்குத்தான் கால் வரவில்லை.

சூசைமேரி வந்து சாரத்துக்குக் கீழே நின்று, சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு சொன்னாள்.

"அம்மா, எனக்கு உங்க வீடுதான் பிடிச்சிருக்குது. கிணறு பக்கத்துல, ரோடு பக்கத்துல. ஆனா மேலிடத்துல ஒரே பிடிவாதமா இருக்கறாங்க. போன வருசம் வேற ஊர்ல இப்படித்தான் வேலை நடக்கற வீட்டுல சாமானை எறக்கி வெச்சோம். மரச்சீவல்ல நெருப்புப் பிடிச்சு கட்டிலு, மருந்து, வீடு எல்லாம் போயிடுச்சி. வீட்டுக்காரரு பாவம், நடுரோட்டுக்கு வந்துட்டாரு. அதுலேர்ந்து கட்டடத்துக்கு இன்சூரன்சு இருந்தாத்தான் சாமான் அனுப்பறது."

"இல்லன்னா?"

"கார்த்திகை முடியறவரைக்கும் பாப்பாங்க. அப்பறம் சூளகிரிதான்."

"சூளகிரிக்கு இங்கேர்ந்து எத்தினி மைலு நர்சம்மா?"

"ஏழு, எட்டு இருக்கும்."

"அப்ப அதுக்குக் கிருஷ்ணகிரியே தேவலையே. அந்த எட்டு மைலுதானே இங்க பிரச்சினை," என்றாள் பூவம்மாள். சூசைமேரிக்கு முனிலட்சுமி கதை தெரியும்.

மறுவாரம் அருள்ஜோசப் சைக்கிளில் வந்தான். கிருஷ்ணகிரி ஜவுளிக்கடையில் கணக்குப் பிள்ளை. மிச்ச நேரத்தில் பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு நெருப்பு இன்சூரன்சு ஏஜெண்டு. மாம்பழ மண்டிக்கும் புளி மண்டிக்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறான். குடியானவர் வீட்டுக்கு இதுதான் முதல் தடவை. கொட்டாயில் உட்கார வைத்து, ராகிக் களியும் கொள்ளுச்சாறும் போட்டாள் பூவம்மாள். அவன் களியை விழுங்கத் தெரியாமல் மென்றுகொண்டிருந்ததை நாராயணப்பன் வருத்தத்தோடு பார்த்தான்.

கை கழுவிவிட்டு அருள்ஜோசப் பாரத்தை எடுத்தான்.

"வீட்டுல எத்தினி பேரு குடியிருக்கீங்க?"

"யாரும் இல்லீங்க," என்றாள்.

அவன் பென்சிலைக் கீழே வைத்தான். "ஆளில்லாத வீடுன்னா கம்பெனிக்காரன் ஒருவாட்டி யோசிப்பான்மா. வேலை நடக்கற வீடுன்னா இன்னொருவாட்டி யோசிப்பான். உங்களுது ரெண்டுமா இருக்குதே."

"என்னாத்துக்கு யோசிக்கணும்?"

"ஆளிருந்தா நெருப்புப் பிடிச்ச ஒடனே பார்ப்பாங்க, தண்ணி ஊத்துவாங்க. காலி வீட்டுல எரிஞ்சி முடிஞ்சப்பறம்தான் தெரியும். அதுலயும் ஆசாரி சீவல் கெடக்குது, பீடி குடிக்கிற ஆளுங்க வர்றாங்க. பதினஞ்சடி தள்ளி வைக்கப்போரு வேற."

"போரை மாத்திப்புடலாம். சீவலை அன்னன்னிக்கே வாரிப்புடலாம். பீடி குடிக்கறவங்க ரோட்டுக்கு அந்தாண்ட போயி குடிக்கட்டும். வேற?"

"பூவு, ஐப்பசி மழையில போரைப் பிரிக்கறதா?" என்று நாராயணப்பன் குறுக்கே வந்தான். "நனைஞ்சா மாட்டுக்கு என்னா போடறது?"

"நனையறதுக்கு முந்தி மாத்தணும். அதுக்குத்தான் நீங்க இருக்கறீங்களே."

அவன் இருந்தான். மழை வெளிவாங்கிய மூன்று நாளில் இரண்டு பேருமாக அந்தப் போரைப் பிரித்து, கட்டுக் கட்டாய்த் தலையில் சுமந்து தோப்பின் மேட்டுப் பக்கம் கொண்டு போய் மறுபடி போர் போட்டார்கள். ஓசூர்ப் பக்கமிருந்து வந்த ஈரக்காற்றில் வைக்கோல் தூசி கண்ணை அறுத்தது. கழுத்தெல்லாம் தடித்துப் போனது. மூன்றாம் நாள் சாயங்காலம் பூவம்மாள் கடைசிக் கட்டை ஏற்றிவிட்டு, போரைச் சுற்றி ஒரு நடை நடந்து, சாய்வு சரியில்லை என்று ஒரு பக்கத்தைப் பிரித்துப் போடச் சொன்னாள். நாராயணப்பனுக்குக் கோபம் வந்தது. ஆனால் சாய்வு சரியில்லைதான்.

அதோடு விடவில்லை. பன்னிரண்டு பானை வாங்கித் தண்ணீர் நிரப்பிச் சுவரோரம் வைத்தாள். சாயங்காலம் ஆசாரிகள் உளியைக் கீழே வைத்ததும் சீவலைக் கூடையில் வாரிக் கொட்டாய் அடுப்புக்குக் கொண்டு போனாள். சுண்ணாம்பு அரைக்கிற மாட்டுக்காரன் வாயிலிருந்த பீடியைப் பிடுங்கித் தண்ணீர்ப் பானையில் போட்டதாகவும் பேச்சு. மேஸ்திரி திம்மராயன் சாரத்தின் மேலிருந்து சிரித்தான். "அக்கா, மழையில நனைஞ்ச சுவரு இது. வேணும்னு வெச்சாலும் பத்தாது."

"நீ கட்டற வேலையைப் பாரு மேஸ்திரி. பத்தறதைப் பத்தி நான் பாத்துக்கறேன்."

திம்மராயன் கெட்டிக்கார வேலைக்காரன். சுவரில் தூக்குக்குண்டு போடுவதற்கு முன்பே கண்ணால் கோணலைச் சொல்வான். வேலை நடக்கிற வீட்டுக்குக் கண் பட்டுவிடக் கூடாதென்று வைக்கோல் அடைத்த திருஷ்டி பொம்மை கட்டுவது வழக்கமல்லவா? அதிலும் அவன் சும்மா விடவில்லை. நாராயணப்பனின் பழைய காக்கிச் சட்டையையும் தலைப்பாகையையும் கேட்டு வாங்கி, சாரத்தின் உச்சியில் காலைத் தொங்கவிட்டு உட்கார வைத்திருந்தான். ஒருநாள் விடிகாலைப் பனியில் நாராயணப்பனே கீழிருந்து அதைப் பார்த்து, "மேஸ்திரி வந்துட்டாரா?" என்று கேட்டுவிட்டு, பதில் வராததால் கோபித்துக்கொண்டு போனான்.

பெங்களூரிலிருந்து கம்பெனி ஆள் பார்க்க வருவார் என்று அருள்ஜோசப் சொல்லிவிட்டுப் போயிருந்தான். வந்தார். ஆனால் அவர் வந்த அன்று வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. வேலையாட்கள் யாரும் வரவில்லை. பூவம்மாள் தலையில் கோணிச்சாக்கைப் போட்டுக்கொண்டு தோப்பிலிருந்து ஓடி வருவதற்குள், ரோட்டோரம் நின்ற கறுப்புக் கார் இரண்டு நிமிஷம் உறுமிவிட்டு மேற்கே போய்விட்டது. ஊற்றுகிற மழையில் அதன் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடினாள். கண்ணாடியெல்லாம் மூடியிருந்தது.

"போச்சி," என்றாள் திரும்பி வந்து. அன்று அவள் சாப்பிடவில்லை.

ஆனால் பதினைந்து நாள் கழித்து அருள்ஜோசப் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே தோப்புக்குள் வந்தான். பாலிசி வந்துவிட்டது. தடித்த காகிதம், சிவப்பு முத்திரை. நாராயணப்பன் அதைத் தொடாமல் பார்த்தான். பூவம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அவனிடமே கொடுத்தாள்.

"படிங்க."

"எல்லாம் இங்கிலீசுலம்மா. எப்பவும் எழுதறதுதான்."

"தமிழ்ல சொல்லுங்க. எல்லாத்தையும்."

அவன் சொல்லிக்கொண்டே போனான். கல் சுவர், இத்தனை அடி. வைக்கோல்போர் அகற்றப்பட்டது. தண்ணீர் இருக்கிறது. "வேலை முடியிற வரைக்கும் ராத்திரி பகலா ஒரு காவல்காரன் இருக்கறதால இந்தப் பாலிசி குடுக்கறோம். நேர்ல பார்த்தப்ப, கொட்டற மழையிலயும் காக்கிச் சட்டை போட்ட ஆளு எடத்தை விட்டு அசையாம காவல் இருந்தான்…" என்று படித்தவன் நிமிர்ந்தான். "காவலுக்கு ஆளு போட்டிருக்கீங்களா? சொல்லவே இல்லியே."

நாராயணப்பனுக்குத்தான் முதலில் விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டான். பூவம்மாள் சிரிக்கவில்லை.

"அது பொம்மை," என்றாள்.

அருள்ஜோசப்புக்கு வியர்த்துவிட்டது. அப்புறம் அவன் மெதுவாக, "அம்மா, இது அவங்களா எழுதினது. நீங்க பொய் சொல்லல, நானும் சொல்லல. காகிதம் இருக்குது. நர்சம்மாகிட்ட காட்டினா சாமான் வந்துடும்," என்றான்.

"அதானே," என்றான் நாராயணப்பன். "தெய்வமா பாத்துக் குடுத்தது. வாயை மூடிக்கினு வாங்கி வெச்சிக்கயேன்."

"நாளைக்கு நெருப்புப் பிடிச்சா?"

"பிடிக்காது. திம்மராயனே சொன்னான்."

"பிடிச்சா, காவல்காரன் எங்கேன்னு கேப்பான். வைக்கோலைக் காட்டறதா? அப்ப காகிதமும் இல்ல, வீடும் இல்ல, மிஷன்காரங்களும் இனிமே எந்த ஊருக்கும் வரமாட்டாங்க. நம்ம பேரைச் சொல்லியே வரமாட்டாங்க." அவள் குரல் கொஞ்சம் தணிந்தது. "அது போவட்டும். நம்ம பொண்ணு பேரை மனசுல வெச்சிக்கினு செய்யிறேன். அதுல இப்பிடி ஒரு பொய்யை அடியில வெச்சிக் கட்டமாட்டேன். பெங்களூருக்கு எந்த பஸ்ஸு?"

இதுதான் பூவம்மாள். கையில் வந்த காகிதத்தைத் திருப்பிக் கொடுக்க, கடலை வறுத்து மடியில் கட்டிக்கொண்டு, விடிகாலை பஸ் ஏறினாள். வழி காட்ட அருள்ஜோசப் கூட வந்தான். நாராயணப்பனும் போனான், அவளைத் தனியாக விடப் பயந்தும், தனியாகக் கொட்டாயில் இருக்கப் பயந்தும்.

கம்பெனி ஆபீசில் மாடியேறினால் பெரிய மேஜைக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெரிய அதிகாரி. பக்கத்தில் நின்றவர்தான் மழையில் வந்து போனவர் என்று அருள்ஜோசப் ஜாடை காட்டினான். அந்த ஆளை அவர் மேலதிகாரி முன்னாலேயே மாட்டிவிடப் போகிறாள், தொலைந்தோம் என்று நாராயணப்பன் நினைத்தான்.

பூவம்மாள் மைசூர் எல்லையோரம் தளியில் பிறந்தவள். கன்னடம் அவளுக்கு அடுப்படிப் பேச்சு. பெரியவரிடம் கன்னடத்திலேயே ஆரம்பித்தாள். "உங்க ஐயா அந்த மழையிலயும் எங்க ஊரு வரைக்கும் வந்தாரு. நல்லவரு. எங்க மேஸ்திரிதான் பொல்லாதவன். அவன் செஞ்ச பொம்மையைப் பாத்து என் வீட்டுக்காரரே ஒருநாளு பேசிட்டுப் போனாரு. பாருங்க, இவருதான்."

எல்லாரும் நாராயணப்பனைப் பார்த்தார்கள். அவன் தலையை ஆட்டினான். வேறென்ன செய்வான்?

பெரியவருக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, உடம்பு குலுங்கச் சிரித்தார். நின்றவர் முகம் செத்துப் போயிருந்தது. பூவம்மாள் அவரைப் பார்த்து, "மழைத் தாரையில யாருக்குத்தாங்க தெரியும்," என்றாள். அந்த மனுஷன் அவளைக் கும்பிடாத குறை. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் இவளை முழுசாகப் பார்க்கவில்லையே என்று நாராயணப்பனுக்குத் தோன்றியது. அந்த மாடியில், அத்தனை பேருக்கு நடுவில், அவனுக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

சிரித்து முடித்தவர் பாலிசியை இழுத்து வைத்துக்கொண்டார். "இதை நாங்கள் ரத்து செய்ய வேண்டியதுதான். ஆனால், இதைச் சொல்ல இவ்வளவு தூரம் வந்தவர் இதுவரை யாரும் இல்லை. ஒன்று செய்யலாம். உங்களில் யாராவது நிஜமாகவே அந்த வீட்டில் ராத்திரி பகல் குடியிருங்கள். பேரும், என்றைக்கிலிருந்து என்பதும் எழுதி ஏஜெண்டிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். புதுப் பாலிசி தருகிறேன்."

"என் பேரை எழுதிக்கங்க," என்றாள் பூவம்மாள்.

நாராயணப்பனுக்கு அந்த நிமிஷமே பெருமையெல்லாம் இறங்கிவிட்டது.

அந்தப் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. முகடு பிரித்த வீட்டில், மறுபடி முகடு மூடிப் பால் காய்ச்சுவதற்கு முன்னால் யாரும் படுத்துத் தூங்கக் கூடாது. முதலில் தூங்குகிறவரை வீடு கேட்டு வாங்கிக்கொள்ளும் என்பார்கள். அதனால்தானே எந்த மேஸ்திரியும் ராத்திரிக் காவலுக்கு ஆள் வைப்பதில்லை. மங்களூர் ஓடு வந்து சேரத் தை மாதமாகும். கார்த்திகையோ பிறந்து பத்து நாள் ஆகிவிட்டது.

விஷயம் தெரிந்து திம்மராயன் சாரத்தை விட்டு இறங்கியே வந்துவிட்டான். எப்போதும் சிரிக்கிறவன் அன்று சிரிக்கவில்லை.

"அக்கா, வெளையாட்டு இல்ல. எங்க மச்சான் பெருமாளு இப்பிடித்தான் காட்டிநாயனப்பள்ளியில முகடு பிரிச்ச வீட்டுல வெயிலுக்கு ஒதுங்கினவன், அப்படியே கண்ணசந்துட்டான். வருசம் திரும்பல. வேணும்னா சாமானுக்கு வேற எடம் பாக்கலாம். நீ உள்ள படுக்காத."

"மேஸ்திரி, என் பொண்ணை எந்த வீடு கேட்டுச்சி?" என்றாள் பூவம்மாள். "அவ ரோட்டுல போனா. வீடு இல்லாமத்தான் போனா." கையிலிருந்த சீவல் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை தலை முழுகிட்டு வந்து படுக்கறேன். மேல கட்டறதுக்கு ஒரு தார்ப்பாய் மட்டும் குடு."

அவளுக்குப் பயமில்லை என்று ஊர் நினைத்தது. நாராயணப்பனுக்குத் தெரியும். அன்று களி கிண்டும்போது அவள் துடுப்பை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள், களி அடிப்பிடித்தது. இருபத்தெட்டு வருஷத்தில் அவள் களி அடிப்பிடித்ததில்லை. அவன் அதை மிச்சம் வைக்காமல் தின்றான்.

வியாழக்கிழமை காலையில் அவள் ராகிக் கதிர் அறுக்கப் போயிருந்தாள். வெயில் ஏறியதும் அருள்ஜோசப் பாரத்தோடு வயலுக்கே வந்தான். வீட்டுக்குப் போய்ப் பார்த்து எழுதிக்கொண்டுதான் வருவதாகச் சொன்னான்.

"என்னாத்தை எழுதினீங்க? நான் நாளைக்குத்தானே குடிபோறேன்," என்றாள் அவள், அறுத்த அரியைக் கீழே போட்டுவிட்டு.

அருள்ஜோசப் பாரத்தைப் படித்தான். "குடியிருப்பவர் பெயர், நாராயணப்பன். எப்போதிலிருந்து, செவ்வாய்க்கிழமை ராத்திரியிலிருந்து."

பூவம்மாளுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. செவ்வாய்க்கிழமை ராத்திரி போரைப் பன்றி கிளறுகிறது, மேட்டில் போய்ப் படுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு போனான். நேற்றும் போனான். பன்றிக்குப் பயந்தவன் பன்றியை விரட்டப் போகிறானே என்று அவள் சிரித்துக்கூட இருந்தாள்.

அரிவாளை வரப்பில் குத்திவிட்டு வீட்டுக்கு நடந்தாள். நடந்தாள் என்பது சரியில்லை. அருள்ஜோசப் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் ஓட வேண்டியிருந்தது.

நடுக்கூடத்தில், தார்ப்பாய்க்கு அடியில் நாராயணப்பன் உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது. இரண்டு நாளில் கன்னம் ஒட்டிவிட்ட மாதிரி இருந்தது. பக்கத்தில் பாய், போர்வை, ஒரு செம்புத் தண்ணீர்.

"தூங்குனீங்களா?" என்றாள்.

"மொத நாளு கண்ணே மூடல. தூங்கினாத்தானே கணக்கு. நேத்து தூங்கிட்டேன்."

"பயமா இல்லியா?"

"இருந்துச்சி. இப்பவும் இருக்குது." அவன் மேலே, தார்ப்பாய்க்கு அப்பால் கைமரங்களுக்கு நடுவே தெரிந்த வானத்தைப் பார்த்தான். "நீ மொதல்ல வந்து படுத்துட்டா அதைவிடப் பயமா இருக்கும். அதான்."

மூன்று வருஷமாகப் பூவம்மாள் அழவில்லை. மகளைக் குளிப்பாட்டும்போது கூட அழாமல் நின்றவள். இப்போது அந்தச் சுண்ணாம்புத் தூசியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அவன் பாயை அவள் பக்கம் கொஞ்சம் நகர்த்திப் போட்டான். அவனுக்கு வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. சாரத்தின் மேல் கரணை ஓசை நின்றிருந்தது.

அருள்ஜோசப் வாசலிலேயே தயங்கி நின்றான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனைக் கூப்பிட்டாள்.

"அந்தப் பாரத்தை எடுங்க. இவரு பேருக்குக் கீழ என் பேரையும் எழுதுங்க. இன்னைக்கிலேர்ந்துன்னு போடுங்க."

"வெள்ளிக்கிழமைன்னு சொன்னீங்களே."

"இன்னைக்கி."

"கம்பெனிக்கு ஒரு பேரு போதும்மா," என்றான் அருள்ஜோசப். "ஒருத்தரு இருந்தாலே பாலிசி வந்துடும்."

"கம்பெனிக்குப் போதும்," என்றாள் பூவம்மாள். "எனக்குப் பத்தாது. எழுதுங்க."